சௌரி சென்டர்

திருப்பதியில் ஒரு காலத்தில் இருபுறமும் தியேட்டர்களாக நின்ற அந்தத் தெருவில் இன்று மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, தமிழ்வேந்தனின் காஞ்சனா. மூன்று திரை, ஏசி, சாய்ந்து படுத்துக்கொள்ளும் நாற்காலி. எதிரே இருந்த சௌரி டாக்கீஸை என்றைக்கோ இடித்தாயிற்று. அங்கே இப்போது பட்டுப்புடவைக் கடை. டாக்கீஸைக் கட்டித் தன் பேரையே வைத்த சௌரிராஜனும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் ஆட்டோக்காரர்கள் காஞ்சனாவின் வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு, "சௌரி சென்டர்! சௌரி சென்டர்! திகண்டி, திகண்டி!" என்றுதான் தெலுங்கில் இறங்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்குச் சரி. இடித்துப்போட்ட கொட்டகைக்குமா? உயிரோடிருக்கிற எதிரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாலாவது நாலு பேரிடம் திட்டித் தீர்க்கலாம். செங்கல்லைப் பார்த்து வயிறெரிகிறவன் யாரிடம் போய் அழுவான்? தமிழ்வேந்தன் தன் செலவில் ஒரு நிழற்குடை கட்டி, 'காஞ்சனா சென்டர்' என்று தெலுங்கில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார். அதன் நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு சௌகரியமாக சௌரியைக் கூவினார்கள்.

இந்த லட்சணத்தில், கல்லூரியில் பாடம் நடத்தும் திலீப் அந்தத் தியேட்டர் தெருவின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதி, அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். தலைப்பு, 'சௌரி சென்டர்'.

"ஏம்பா, இன்னிக்கும் படம் ஓட்டிக்கினு இருக்கிறது நானு. இல்லாத கொட்டாய் பேர்லயா புக்கு?"

"ஜனங்க கூப்புடற பேரு சார். உங்ககிட்ட வேலை செய்யாத ஒரே ஒருத்தர் தானா காஞ்சனா சென்டர்னு சொல்லட்டும், அட்டையை மாத்திடறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவுது."

மறுநாளே தமிழ்வேந்தன் காரை வீட்டில் நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினார். திருச்சானூருக்கும் ஊருக்கும் நடுவே போவதும் வருவதுமாக, யார் எங்கே இறங்குகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலேஜ் பிள்ளைகள் சௌரி என்றார்கள். பூக்காரி சௌரி என்றாள். மலையிலிருந்து மொட்டையோடு இறங்கிய வெளியூர்க்காரர்கள்கூட அதையே சொன்னார்கள். அவருக்கு அழுகை வராத குறை.

வெள்ளிக்கிழமை பகலில், திருச்சானூரில் வயதான ஒரு அம்மாள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காஞ்சனா சென்டர்ல நிறுத்துப்பா."

"சௌரி சென்டராம்மா?" என்றான் டிரைவர்.

"காஞ்சனான்னுதானே சொன்னேன்!"

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. ஓடும் ஆட்டோவில் எழுந்து ஆடவா முடியும்? தமிழ்வேந்தன் திலீப்பை அழைக்க போனைக் கையிலெடுத்தார். அதற்குள் ஆசை விடவில்லை.

"ஏம்மா, ஊரே சௌரின்னு சொல்லுது. நீங்க மட்டும் கரெக்டா காஞ்சனான்னு சொல்றீங்களே?"

அந்த அம்மாள் வெட்கத்தோடு சிரித்தார். "ஊர் சொல்லலாம். நான் எப்படிச் சொல்வேன்? எங்காத்துக்காரர் பேராச்சே அது. அவர் போயும் என் வாயில வரமாட்டேங்கறது. நல்லவேளை, எதிர்த்தாப்ல அந்தக் காஞ்சனா இருக்கோ, பொழச்சேன். இல்லேன்னா ஆட்டோக்காரன்கிட்ட என்னன்னு சொல்றது?"

மரகதவல்லி. சௌரிராஜனின் மனைவி. பேரைக் கேள்விப்பட்டிருக்கிறாரே தவிர, தமிழ்வேந்தன் முகம் பார்த்ததில்லை.

தமிழ்வேந்தனின் வயிறு பற்றி எரிந்தது. இத்தனை நாள் எரிந்ததெல்லாம் கொட்டகைக்காக. இப்போது அந்த மனுஷன்மேலேயே எரிந்தது. திரை இன்னும் மூன்று வேண்டுமானாலும் போடலாம். இதற்கு எங்கே போவது? தமிழ்வேந்தன் வீட்டிலோ மனைவி ஸ்வர்ணலதா மாடியில் நின்று பேர் சொல்லித்தான் அவரை அதட்டுவாள், தெருக்கோடி வரை கேட்கும்.

கையிலிருந்த போன் அடித்தது.

"என்ன சார், யாராச்சும் சொன்னாங்களா?" என்றான் திலீப்.

பக்கத்தில் மரகதவல்லி இறங்கத் தயாராகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒருத்தரும் சொல்லலப்பா," என்றார் தமிழ்வேந்தன். "நீ அச்சுக்கு அனுப்பு."