ஏழு பெயருக்கு ஒரே கையெழுத்து

விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சாந்திராம் சந்தின் முனையில் இருக்கும் குழாயில் நல்ல தண்ணீர் வரும். ஆறே முக்காலுக்கு நின்றுவிடும். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் பவானிபூரின் அந்தச் சந்தில் உள்ள அத்தனை குடங்களும் நிரம்பியாக வேண்டும். சந்துக்கு நடுவில் இன்னொரு குழாயும் உண்டு. அதில் நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டும். ஆனால் அது வடிகட்டாத கங்கைத் தண்ணீர். தெருவைக் கழுவுவதற்காக கார்ப்பரேஷன் விட்டிருப்பது. கங்கை என்பதால் புண்ணியம் உண்டுதான். குடித்தால் நேரே புண்ணிய லோகத்துக்கே போகலாம்.

மஹாதேவன் அப்படித்தான் போனான். சென்ற வருஷம் சித்திரையில் முனைக் குழாய் நான்கு நாள் பழுதாகிக் கிடந்தது. மூன்றாம் நாள் அவனுக்கு வாந்திபேதி கண்டது. நான்காம் நாள் இல்லை. ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, வயது முப்பத்திரண்டு. அவன் மனைவி பாகீரதி ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பினால் அண்ணன் வீட்டில் சமையற்கட்டோடு சரி என்று அவளுக்குத் தெரியும். ஆறு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, அதே போர்ஷனில், காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். டீ குடிக்கும் வங்காளிகள் ஊரில் நல்ல காபிப்பொடிக்கு இருந்த கிராக்கி அவளைக் காப்பாற்றியது.

அந்த வீட்டில் ஏழு போர்ஷன்; ஏழிலும் தமிழ்க் குடித்தனங்கள். வாசலை ஒட்டிய அறை பட்டாபிராமனுடையது. கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோகிராபர். வாசல் அறைக்காரர் என்பதால் வீட்டுக்கு எது வந்தாலும் அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்குவார். ரிஜிஸ்டர் தபாலா, ரயில் பார்சலா, ஏழு பேரில் யாருக்கு வந்தாலும் 'பி. பட்டாபிராமன்' என்று ஒரு கோடு இழுத்துவிடுவார். பதினோரு வருஷமாக அதுதான் அந்த வீட்டுச் சட்டம். யாருக்கும் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

மனிதர் மகா சந்தேகப் பிராணி. பால்காரன் எந்தக் குழாய்த் தண்ணீரைக் கலக்கிறான் என்று சந்தேகம். தபால்காரன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறான் என்று சந்தேகம். அரசியல் என்றால் சந்தேகம்கூட இல்லை, எல்லாரும் திருடர்கள் என்று தீர்ப்பே எழுதி வைத்திருந்தார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான். அது யார் என்பது பிறகு தெரியும்.

1924ஆம் வருஷம் சட்டம் மாறி, கார்ப்பரேஷன் தேர்தலில் அந்த வீட்டுக் குடித்தனக்காரர்களுக்கும் ஓட்டு வந்தது. பெண்களுக்கும் உண்டு என்றார்கள். பேட்டையில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஹரிசாதன் பாபு. அரை மைல் தள்ளிப் போட்ட புது ரோட்டில் வரிசையாக வீடு கட்டி விற்பவர். சந்து முனைக் குழாயைப் பிடுங்கிப் புது ரோட்டில் வைக்கப் போகிறார் என்பது ஊரறிந்த ரகசியம். மற்றவர் நலினாக்ஷ டாக்டர். மஹாதேவனுக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்தவர். குழாய் நகராது, சந்துக்குள் இன்னொன்றும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓட்டுக்காரர்களின் ஜாபிதா தயாராகிக்கொண்டிருந்தபோது பாகீரதி ஒரு நாள் வாசல் அறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, ஓட்டு லிஸ்ட்டுல இன்னும் அவர் பேருதான் இருக்காம். வாடகை இப்போ நான்தானே குடுக்கறேன். அவர் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடச் சொல்லி இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதித் தரேளா?"

பட்டாபிராமன் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எழுதி என்னம்மா ஆகப்போறது? எரியற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? டாக்டர் வந்தாலும் தின்னப் போறான், பாபு வந்தாலும் தின்னப் போறான். நாம பொழைக்க வந்தவா. நமக்கெதுக்கு இந்த ஊர் வம்பு?"

"குழாயாவது நிக்குமேன்னு பார்த்தேன்."

"டாக்டர் வந்தா மட்டும் நிக்கும்கறதுக்கு என்ன நிச்சயம்?"

பாகீரதி போய்விட்டாள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி விஜயலக்ஷ்மிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்னா, கம்பெனிக்காரனுக்கு நாள் பூரா எழுதறேள். அவளுக்கு நாலு வரி எழுதினா கை தேஞ்சுடுமா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவன் வந்தான். மடிப்புக் கலையாத வேட்டி, வெற்றிலைச் சிரிப்பு. பெயர் கோபேன் என்றான். பட்டாபிராமன் முகமெல்லாம் சோப்பு நுரையோடு கையில் சவரக்கத்தியை வைத்திருந்த நேரம்.

"நமஸ்காரம் மோஷாய். ஹரிசாதன் பாபு அனுப்பினார். இந்த வீட்டில் ஏழு பேர், சரிதானே? எல்லாரும் இருக்கிறார்கள் என்று இதில் ஒரு கையெழுத்து. ஓட்டுச் சீட்டு ஏழும் கொடுத்தால் நாங்களே நம்பர் பார்த்து வைக்கிறோம். அன்றைக்கு வண்டி அனுப்புகிறோம், ஜம்மென்று வரலாம்" என்று இங்கிலீஷும் வங்காளியும் கலந்து பொரிந்து தள்ளினான்.

பெயரும் நம்பரும் போட்டுக் கார்ப்பரேஷனிலிருந்து ஏழு குடித்தனத்துக்கும் வந்திருந்த சீட்டுகள் வழக்கம்போல் பட்டாபிராமனின் ஜன்னல் விளிம்பில்தான் கிடந்தன. ஒருவரும் வந்து கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. நுரை காய்ந்துகொண்டிருந்தது. இவனை எப்படியாவது கிளப்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு. காகிதத்தைப் படிக்கவில்லை. ஏழு பெயருக்கும் கீழே வழக்கம்போல் கையெழுத்தை இழுத்தார். சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். சவரம் முடிவதற்குள் அவனை மறந்தும் போனார்.

ஓட்டு நாளன்று வண்டியும் வரவில்லை, கோபேனும் வரவில்லை. வீட்டில் ஆறு ஆண்களும் எப்போதும்போல் ஆபீசுக்குப் போனார்கள். ஓட்டு நாள் என்று சாயந்தரம் நான்கு மணிக்கே ஆபீசுகளை விட்டார்கள். டிராமிலிருந்து இறங்கி வருகிற வழியில்தான் ஓட்டு நடக்கும் பள்ளிக்கூடம். பாகீரதி மனு கேட்ட நாளிலிருந்து விஜயலக்ஷ்மி அவரோடு அளவாகவே பேசிக்கொண்டிருந்தாள். 'போட்டேன்' என்று சொல்லி அவள் வாயை அடைக்கலாமே என்று உள்ளே நுழைந்தார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா ஜாபிதாவைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "காலையிலேயே போட்டாகிவிட்டதே!"

"யார் போட்டது?"

"பட்டாபிராமன்."

"நான்தான் பட்டாபிராமன்!"

"அவரும் அப்படித்தான் சொன்னார்."

பட்டாபிராமன் எட்டிப் பார்த்தார். அவர் வீட்டுப் பெயர்கள் ஏழும் வரிசையாக இருந்தன. ஏழுக்கும் எதிரே நீலப் பென்சிலில் கோடு. ஆறாவது பெயர் மஹாதேவன். அதற்கும் கோடு.

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவன் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்! அதுவும் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். எந்தத் தண்ணீர் அவனைக் கொன்றதோ அதையே அவன் பெண்டாட்டி பிள்ளைக்கும் விதிக்கப் போகிறவனுக்கு.

வீட்டுக்கு நடக்கும்போதே சந்தேகங்களை வரிசைப்படுத்திவிட்டார். வீட்டுக்குள் ஆள் இல்லாமல் ஏழு பெயரும் சரியாக வெளியே போயிருக்காது. மாடியில் சீதாராமன் போன வாரம் புதுக் குடை வாங்கினானே, காசு ஏது? தேர்தல் பேச்சை எடுத்தாலே ஏன் அவ்வளவு உற்சாகம்? சரி, அவன்தான்.

முற்றத்தில் நின்று கத்தினார். "சீதாராமா! கீழே வாடா! ஏழு பேர் பேரையும் என்னத்துக்குடா வித்தே? குடைக்கா?"

எல்லாப் போர்ஷனிலிருந்தும் தலைகள் நீண்டன. பாகீரதி காபிக்கொட்டை வறுத்த கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். சீதாராமன் நிதானமாக இறங்கி வந்தான். இருபத்தைந்து வயதுப் பையன். அந்த வீட்டில் டாக்டருக்காக நாலு வீடு ஏறி இறங்கியவன் அவன் ஒருவன்தான்.

"அண்ணா, உள்ளே போய்ப் பேசலாம்" என்றான்.

"உள்ளே என்னடா ரகசியம்? இங்கேயே சொல்லு. செத்துப்போன மஹாதேவன் பேரைக் கூட விட்டு வைக்கலையேடா, பாவி!"

பாகீரதியின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் பட்டாபிராமன் அவள் நிற்பதையே பார்த்தார்.

சீதாராமன் முகம் சிவந்தது. "மாமி காதுல விழவேண்டாம்னுதான் காலையிலேருந்து வாயை மூடிண்டிருக்கேன். நீங்களே போட்டு உடைச்சுட்டேள். இனிமே என்ன? கேளுங்கோ. ஒன்பது மணிக்கு, ஆபீசுக்குப் போற வழியில, நான் ஓட்டுப் போடப் போனேன். என் பேருக்கும் கோடு போட்டிருந்தது. சண்டை போட்டேன். ஹரிசாதன் பாபுவோட ஏஜெண்ட் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். 'இந்த ஏழு பேரும் உயிரோட இருக்கா, எல்லாரையும் எனக்குத் தெரியும், சீட்டு அவாவா சம்மதத்தோட குடுத்திருக்கு'ன்னு எழுதியிருந்தது. கீழே ஒரே ஒரு கையெழுத்து. யாரோடதுன்னு சொல்லணுமா?"

பட்டாபிராமனுக்குச் சோப்பு நுரை ஞாபகம் வந்தது. ஜன்னல் விளிம்பு ஞாபகம் வந்தது. பால்காரன், தபால்காரன், குடை வாங்கினவன் என்று ஊரையெல்லாம் சந்தேகித்தவர், சொந்தக் கையை ஒரு நாளும் சந்தேகித்ததில்லை.

"நான் படிக்கலை" என்றார். "அவனைத் தொலைச்சாப் போறும்னு..."

பாகீரதிதான் பேசினாள். அவள் குரல் உயரவில்லை.

"அண்ணா, எழுதி என்ன ஆகப்போறதுன்னு கேட்டேள். இப்போ தெரிஞ்சுதா? நான் என் பேரை எழுதுங்கோன்னு கெஞ்சினேன், உங்க பேனா எழும்பலை. எவனோ வந்து கேட்டான், என் ஆம்படையான் உயிரோட இருக்கார்னு அதே பேனா கையெழுத்துப் போட்டுடுத்து. நாம ஒதுங்கி நின்னா நம்ம ஓட்டும் ஒதுங்கி நிக்கும்னு நெனச்சேள். அது நிக்காது அண்ணா. எவனோ ஒருத்தன் கையைப் பிடிச்சுண்டு போய் நமக்கே குழி வெட்டும்."

கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொட்டை தீய்ந்துவிட்டிருந்தது. அந்த வாசனை இரவு முழுவதும் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஹரிசாதன் பாபு நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார். இந்த ஒரு வீட்டின் ஏழு ஓட்டால் அல்ல. ஆனால் சந்துக்குள் இப்படி எத்தனை வாசல் அறைகள், எத்தனை சவர நேரங்கள் என்று யார் கண்டது?

மறுநாள் பட்டாபிராமன் ஆபீசுக்கு லீவு போட்டார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் இங்கிலீஷில் எழுதி, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வேலைக்கு ஆபத்து வரலாம் என்று டாக்டரே எச்சரித்தார். வேலை போகவில்லை, ஆனால் விசாரணையும் தேறவில்லை. கோபேன் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று ஹரிசாதன் பாபு சத்தியம் செய்தார். வைகாசியில் முனைக் குழாயைப் பிடுங்கிப் புது ரோட்டில் நட்டார்கள். அன்று முதல் பெண்கள் குடத்தோடு அரை மைல் நடந்தார்கள். விஜயலக்ஷ்மி நடக்கவில்லை, அவள் குடத்தையும் பாகீரதியின் குடத்தையும் பட்டாபிராமன் சுமந்தார். தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஜாபிதாவுக்குப் பெயர் சரிபார்க்கக் கார்ப்பரேஷன் குமாஸ்தா ஒருவன் வந்தபோது, அவர் சவரத்தைப் பாதியில் விட்டு எழுந்தார்.

"ஆறாவது பெயர் மஹாதேவன். அவர் இறந்துவிட்டார். அடியுங்கள். வாடகைதாரர் அவர் மனைவி பாகீரதி. எழுதுங்கள்" என்றார்.

குமாஸ்தா கொட்டாவி விட்டான். "எழுதி என்ன ஆகப்போகிறது மோஷாய்? அந்தப் பெண் ஓட்டுப் போட்டால் குழாய் திரும்பி வந்துவிடுமா?"

பட்டாபிராமனுக்கு அந்தக் கேள்வியை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. "வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. யாரையும் நான் இன்னும் நம்பவில்லை. டாக்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் நான் சும்மா இருந்தால் என் ஓட்டு சும்மா இருக்காது. திருடனைச் சந்தேகப்படுகிறவன் வீட்டுச் சாவியைத் தன் கையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதை அவனிடமே கொடுத்துவிட்டு ஊரெல்லாம் திருடர்கள் என்று புலம்பினேன்."

"சரி, சரி. ஏழு பேருக்கும் சேர்த்து நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எனக்கு நேரமாகிறது."

"மாட்டேன்" என்றார் பட்டாபிராமன். முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் வாங்கோ! அவாவா கையெழுத்தை அவாவாளே போடணும்!"

ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் பாகீரதி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். குமாஸ்தா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினான். அவள் போடவில்லை.

"அண்ணா," என்றாள், "இதுல என்ன எழுதியிருக்குன்னு முதல்லேருந்து படிச்சுச் சொல்லுங்கோ. அப்புறம் போடறேன்."

பட்டாபிராமன் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்துச் சொன்னார்.