மங்காத நீலம்

யாங்கோனில் வருஷத்தில் பாதி மழை. சுவரில் பாசி, செருப்பில் பூஞ்சை, துவைத்த லுங்கியில் போகாத ஈர நாற்றம். இந்த ஊரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவனுக்கு வெயில்மேல் ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் மீரா முகைதீனுக்கு வந்தது ஆசை இல்லை, பித்து.

யாங்கோனின் பசுந்தாங் பேட்டையில் கடை. வாலிபத்திலிருந்தே, கோடை பிறந்தால் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, வடக்கே ஐராவதிக்கு அக்கரையில் கிடக்கும் பொட்டலுக்குக் கிளம்பிவிடுவார். செம்மண் மேடு, மணல் மட்டும் ஓடும் ஆறு, முள்ளுப் புதர், கல்லாகிப்போன மரங்கள். ஊரே கடற்கரைக்குப் போகிற விடுமுறையில் இந்த மனுஷன் தண்ணீர்க் குடுவையைச் சுமந்துகொண்டு அங்கே தனியாக அலைந்துவிட்டு, கருவாடாகத் திரும்பி வருவார்.

"காசு குடுத்து வெயில்ல காயப் போற ஆள இந்த வீட்லதான் பாக்கலாம்" என்று நூர் பீவி திட்டுவாள். அவர் சிரிப்பார். அங்கே நிற்கும்போதுதான் நெஞ்சில் காற்று முழுசாக இறங்குகிறது என்பதைக் கட்டின பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

ஒரு தடவை அந்தப் பொட்டல் அவரையே விழுங்கப் பார்த்தது. பார்க்க ஒரே மாதிரியான பள்ளங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளை பிரிந்து போகும். வழி தப்பி, தண்ணீர் தீர்ந்து, நாக்குத் தடித்து விழுந்து கிடந்தவரை ஊ போ நியோ என்ற பனையேறி தோளில் தூக்கிப் போய், பதநீர் ஊற்றிப் பிழைக்க வைத்தார். அடுத்த வருஷமே முகைதீன் மறுபடி போனார். அடங்குகிற ஆளா? பள்ளங்களின் நடுவே வற்றாத ஊற்று ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்னொருத்தன் இங்கே தாகத்தில் சாகக் கூடாது என்று, ஊற்று வரைக்கும் திருப்பத்துக்குத் திருப்பம் பாறையில் நீல அம்பு வரைந்தார். கடையில் இருந்ததிலேயே உசத்தியான எனாமல். போகும்போதெல்லாம் மேலே ஒரு பூச்சும் பூசிவிட்டு வருவார்.

பிறகு அந்தப் பக்கம் ராணுவத்துக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் சண்டை வந்தது. அடையாள அட்டையில் முஸ்லிம் என்று போட்டிருக்கிறவனை எந்தச் சோதனைச்சாவடி அந்தப் பக்கம் விடும்? முகைதீன் கடைக்குள்ளேயே கிடந்து புழுங்கினார்.

இந்தக் கோடையில் பனையேறியின் மகள் மா எய் கடை வாசலில் வந்து நின்றாள். மருந்து வாங்க யாங்கோன் வந்தவள். காலில் முள் கிழித்த காயம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததும், மாமாவுக்கு ஈடான 'ஊலே'யைப் போட்டு, பர்மியில் படபடவென்று கொட்டினாள்.

"ஊரையே கொளுத்திட்டாங்க ஊலே. ஆனா நாங்க தப்பிச்சிட்டோம். உங்க ஊற்றுப் பக்கத்துலதான் எல்லாரும் ஒளிஞ்சிருக்கோம். அங்க எவனும் வர முடியாது. நீங்க நல்லா இருக்கணும்."

"வழி எப்படித் தெரிஞ்சுச்சு?"

"அதான் நீல அம்பு இருக்குதே!"

முகைதீன் எழுந்துவிட்டார். "அடிப் பாவி மகளே, உனக்குத் தெரிஞ்ச அம்பு துப்பாக்கி வச்சிருக்கிறவனுக்குத் தெரியாதா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. அங்கே போன் எடுக்காது. ஒரு பகல் நடந்து சிறு டவுனுக்கு வந்தால்தான் பேச முடியும். அவள் கையோடு பெயிண்டைக் கொண்டுபோய் அம்புகளை மறைத்தாக வேண்டும். முகைதீன் கண்ணை மூடி அந்தப் பாறையை நினைத்துக்கொண்டார். சிவப்பு, மஞ்சள், துளி கறுப்பு. கலக்கிப் பலகையில் தேய்த்துப் பார்த்தார், மறுபடி கலக்கினார். கடைசியில் அந்த நிறமே வந்தது. பெயிண்ட் டின்னோடு போனால் வெடிகுண்டுச் சாமான் என்று பிடித்துக்கொள்வார்கள். நூர் பீவி ஊறுகாய் டப்பாக்களில் அதை ஊற்றி இறுக மூடி, ஒவ்வொன்றின் வெளியிலும் ஙப்பி மீன் விழுதைத் தடவினாள். அந்த நாற்றத்தில் எந்தச் சிப்பாய் மூடியைத் திறப்பான்?

"ஒண்ணு விடாமப் பூசிரணும்" என்றார் முகைதீன். "ஒரு அம்பு மிச்சமிருந்தாலும் அத்தனை உசிரும் போச்சு."

மா எய் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அந்த நாட்களில் அவர் சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம் போன் வந்தது. "எல்லாத்தையும் பூசிட்டேன் ஊலே. கிட்ட நின்னாக்கூடத் தெரியல." அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். நாற்பது வருஷத்து வழி மண்ணோடு மண்ணாய்ப் போயிற்று, இனி அவரே போனாலும் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். போகட்டும், ஊ போ நியோ பிழைத்தால் போதும்.

அடுத்த வாரம் மறுபடி போன். மா எய் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா? படை வந்துருச்சா?"

"இல்ல ஊலே. இந்தப் பக்கம் அவங்க வரவே இல்ல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "பக்கத்து ஊரையும் கொளுத்திட்டாங்க. வீடு போனா நீல அம்பைப் பாத்து வந்துருங்கன்னு எங்கப்பா முன்னாடியே அந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லி வச்சிருக்காரு. எனக்கு அது தெரியாது. நான் வந்து பூசினதை அவங்களுக்குச் சொல்ல ஆள் அனுப்பினாரு. அதுக்குள்ள அவங்க கிளம்பிட்டாங்க."

"வந்தாங்களா?"

"பள்ளத்துக்குள்ள வந்திருக்காங்க. அம்பைத் தேடியிருக்காங்க. ஊற்றுக்கு ரெண்டு திருப்பம் இருக்கிற இடத்துலதான் அப்பா பாத்தாரு. பொம்பளைங்க, பிள்ளைங்க. ஒருத்தருக்கும் உசிர் இல்ல. தண்ணியில்லாம... எல்லாருக்கும் நாக்கு தடிச்சுப் போயிருந்துச்சாம்."

லைன் அறுந்துவிட்டது. முகைதீன் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கடை வாசலில் யாரோ நீல எனாமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அடுத்த கடைக்குப் போனார்கள்.

நூர் பீவி அருகில் வந்து போனை மெல்ல வாங்கி வைத்தாள். பாதி அவள் காதிலும் விழுந்திருந்தது.

"நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றாள்.

"ஆமா" என்றார் முகைதீன். "ரெண்டு தடவையும்."