சீமாட்டியின் காலித் தட்டு

ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸுக்கு இருபது வருஷமாக ஆகாத கூட்டம் ஒன்று உண்டென்றால், அது நோயாளிக்கு ஒளித்து ஊட்டிவிடும் உறவினர் கூட்டம்தான். "தண்ணிகூடக் குடுக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று அவள் போடுகிற சத்தத்தில் வராந்தாவே அடங்கிப்போகும். சும்மா ஒன்றும் கத்தவில்லை. ஆசையாய் ஒரு பன் தின்றுவிட்டு மயக்கத்துக்குப் போன பெரியவர் ஒருவர், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கி, அவள் கண்ணெதிரேதான் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு, "சாப்பிட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க" என்று அவள் கேட்டால் பெரிய மீசைக்காரர்களும் மென்று முழுங்குவார்கள். சின்ன நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் அவளை இன்ஸ்பெக்டர் என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

அவள் வீட்டு முயலின் பெயர் சீமாட்டி. பத்து வயது மகளின் உயிர் அது. பெண் முயலுக்கு வயதானால் கர்ப்பப்பையில் கட்டி வரலாம், இப்போதே எடுத்துவிடுங்கள் என்று கால்நடை டாக்டர் சொல்ல, நாள் குறித்தாயிற்று.

"கெளம்புற வரைக்கும் தட்டுல புல்லு இருக்கணுமாம்மா. டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள் மகள், முந்தின நாள்.

"சரி, சரி" என்றாள் அவள். நான் பார்க்காத ஆபரேஷனா என்று மனசுக்குள் ஒரு சிரிப்பு. எட்டு மணிக்கு மகள் படுத்ததும் தட்டிலிருந்த புல்லைச் சத்தமில்லாமல் அள்ளிக் குப்பையில் போட்டாள். தண்ணீர்க் கிண்ணத்தையும் கவிழ்த்தாள்.

காலையில் மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, பாரேன்! ஒரு புல்லு விடல, சமர்த்தா தின்னுட்டா!" அவள் சிரித்து மகளின் கன்னத்தைத் தட்டினாள். மறுபடி புல் போட மகளுக்கு நேரமில்லை. அப்பா காரைக் கிளப்பி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் டியூட்டி. அப்பாவும் மகளுமாக முயலைக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் சீமாட்டி திரும்பி வந்தாள். வயிற்றில் முடி மழித்த இடத்தில் விரல் நீளத்துக்குத் தையல். கூண்டின் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் அசையவில்லை. பிடித்த கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலையிலும் அதே மூலை, அதே முதுகு. காதைக் கிட்டே வைத்தால் பல்லை நறநறவென்று கடிப்பது கேட்டது. விரித்திருந்த துணியில் ஒரு புழுக்கைகூட இல்லை.

காற்றுப் பிரிந்ததா, வெளிக்குப் போனீர்களா என்று தினம் பத்துப் பேரைக் கேட்கிறவளுக்கு அந்தச் சுத்தமான துணி போதாதா? டாக்டர் கொடுத்தனுப்பிய சீட்டை அப்போதுதான் பிரித்துப் படித்தாள். முயலுக்கு வாந்தி வராது. பட்டினி போடவே கூடாது. குடல் நின்றால் உயிருக்கு ஆபத்து. மூன்று வரிதான். திரும்பத் திரும்பப் படித்தாள்.

மகள் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஆபரேஷன் அன்னிக்குக் காலைல வரைக்கும் நல்லா சாப்பிட்டான்னு சொன்னியே பாப்பா?" என்றது டாக்டரின் குரல்.

"ஆமா டாக்டர். தட்டே காலி."

"அப்போ ஒரு நாள்தான் ஆச்சு. மத்தியானம் வரைக்கும் மருந்து குடுத்துப் பாப்போம்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மத்தியானம் வரை இந்த உயிர் தாங்குமா?

"டாக்டர்..." என்றாள். "அது சாப்பிடல. முந்தின நாள் எட்டு மணிக்கே நான் எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்போ முப்பத்தாறு மணி நேரம் ஆச்சு."

"உடனே தூக்கிட்டு வாங்க."

காரில் மகள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தோலுக்கடியில் ஊசியால் நீர் ஏற்றினார். புல்மாவைக் குழைத்துச் சிரிஞ்சில் ஊட்டிக் காட்டினார். இனி ரெண்டு மணிக்கொரு தடவை கொடுக்கணும், சாயங்காலத்துக்குள் புழுக்கை போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார். இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் முயலோடு அறைக்குள் போனாள். "அப்பா மட்டும் வரட்டும். நீ வெளியில இரு."

இந்த வார்த்தையை அவள் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள்! சாத்திய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தன்னிடம் வந்து "எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டுக் கேட்டுத் திட்டு வாங்கினவர்களின் முகம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. நாலு மணி வேளைக்கும் அப்பாவும் மகளும்தான் ஊட்டினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. மகள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மிளகைவிடச் சின்னதாய், கோணல்மாணலாய் மூன்று புழுக்கை.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மகள் அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் தட்டைக் கொண்டுவந்து காட்டினேன்ல? அப்போ ஏம்மா சிரிச்ச?"

வாந்தி, மூச்சுக்குழாய், அந்தப் பெரியவர் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. ஆனால் மகள் கேட்டது அதை இல்லையே.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சு சிரிச்சேன்" என்றாள். "எனக்குத்தான் தெரியல. தப்பு பண்ணிட்டேன்டி."

மகள் புழுக்கைகளை ஒரு காகிதத்தில் பத்திரமாக வைத்து மடித்தாள்.

"ஆறு மணிக்கு அடுத்த வேளை. அப்பா பிடிச்சா ரொம்பத் திமிருறா. நீ பிடி, நான் குடுக்கறேன்."

"சரிம்மா. ஒரு ஏழு மில்லி..."

"நீயா சொல்லாத." மகள் டாக்டர் அன்று அளவெல்லாம் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து விரித்து, விரல் வைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரிக்கும் "சரி" என்றாள், தன்னிடம் சின்ன நர்ஸுகள் சொல்வதுபோல.