ஆறிப்போன பாகு

அக்காவின் இரண்டு கைகளும் ஞாயிற்றுக்கிழமை வெந்துபோயின. புதன்கிழமை மரம் வெட்டும் கர்டிஸ் வந்து எங்கள் மேப்பிள் மரங்களில் நீலப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, மரங்களை அவனுக்கு விற்கக் கையெழுத்து. நடுவில் எனக்கென்று மிஞ்சியது அந்த வெள்ளிக்கிழமைக் காலை மட்டும்தான்.

மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சி, கம்பளிக் கூம்பில் பாகு வடிகட்டுகிற வீடுகளில் சின்னக் குழந்தைக்கும் ஒன்று தெரியும்: கூம்பு அடைத்துக்கொண்டால் அதைப் பிழியக்கூடாது. மார்ச் கடைசியில் வரும் சாற்றில் சர்க்கரை மணல் அதிகம். மாவு மாதிரி நைசாக இருக்கும் அந்த மணல் கம்பளியில் ஒட்டிக்கொண்டு பத்தே நிமிடத்தில் பாகை நிறுத்திவிடும். அக்கா ஆர்லீனுக்கு இது அறுபது வருடமாகத் தெரியும். ஆனாலும் அடுப்பில் அடுத்த பாகு தயாராகி நின்றதால், ரப்பர் கையுறை இருக்கிற தைரியத்தில் பிழிந்தாள். கொதிக்கும் பாகு கையுறைக்குள்ளேயே இறங்கிவிட்டது. வெந்நீராக இருந்தால் வழிந்து போயிருக்கும். பாகு போகாது, ஒட்டிக்கொண்டு வேகும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "போதும்டி நோர்மா. மரத்தைக் குடுத்துடலாம். இல்லன்னா துணியில பிழியாம வடிகட்ட ஒரு வழி காட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வலியில் பேசுகிறாள், விடு என்று இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் மூக்கின்மேல் கோபமாயிற்றே. "சரி, காட்டலேன்னா நானும் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். நானூற்று இருபது மரம். பாதி அவளுடையது, பாதி என்னுடையது. என் வாயால் மொத்தமும் போகிற நிலைமை.

மலைக்கு அந்தப் பக்கம் கோலெட் என்கிற பால்பண்ணைக்காரி பாகு வடிகட்டும் இரண்டு பழைய பிரஸ்களை விற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் பெரியதாக ஒன்று வாங்கிவிட்டார்களாம். ஒன்று கைப்பம்பு, இன்னொன்று கரண்ட் பம்பு. வரிசையாக அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே தாள் வைத்து, பம்பால் பாகை அதற்குள் தள்ளினால் மணல் தாளில் நின்றுவிடும். கை படவே வேண்டியதில்லை. "உங்க பாகையே கொண்டு வாங்க, ஓட்டிப் பாத்து வாங்குங்க" என்றாள் போனில். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிரஸ்ஸைச் சும்மா பார்த்து யாரும் வாங்கமாட்டார்கள். "ஆனா கொதிக்கக் கொதிக்க இருக்கணும். பன்னெண்டு மணிக்கு இன்னொருத்தர் வர்றாரு. அதுக்குள்ள முடிவு சொல்லிடணும்."

ஒன்பது மணிக்கு இரண்டு கேலன் பாகைக் கொதிக்க வைத்து, பால் கேனில் ஊற்றி, பழைய ரஜாயைச் சுற்றிக் கட்டி, வண்டியின் பின்னால் வைத்தேன். அக்கா முன்னால் ஏறி, கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவை நான்தான் சாத்திவிட்டேன். அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பனி உருகுகிற மாதத்தில் எங்கள் மண்பாதையில் போவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பின்சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கியது. பலகை வைத்தேன், கிளை வைத்தேன், சரளை அள்ளிப் போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெறித்தபடி, "நாலு மணிக்குக் கர்டிஸ் வருவான்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கேனில் கட்டியிருந்த ரஜாயை உருவி சக்கரத்தடியில் திணித்து, வண்டியை எடுத்தேன். சக்கரம் பிடித்துக்கொண்டது, வெளியே வந்தோம். ரஜாய் சேற்றிலேயே கிடந்தது. கேன் மொட்டையாகக் காற்றில் நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

கோலெட்டின் கொட்டகையில் இரண்டு பிரஸ்களும் மேசைமேல் தயாராக இருந்தன. நாற்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸோடு பரபரவென்று நடக்கிற பெண். மணி பதினொன்றரை தாண்டிவிட்டது.

"வாங்க. பாகு சூடா இருக்குல்ல?"

"கொதிக்குது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். அக்கா பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால், ஒரு வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவள் என்று நிற்க எனக்கு மனசு வரவில்லை.

கோலெட் மணலைப் பிடித்துவைக்கும் வெள்ளை வடிபொடியைப் பாகில் கலந்தாள். முதலில் கைப்பம்பு பிரஸ். தாள்களின் ஓட்டை தட்டுகளின் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, திருகை இறுக்கினாள். "அடிங்க" என்றாள். நான் கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். நாலாவது அடியிலேயே கை கனத்தது. அழுத்தம் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது. குழாய் முனையில் ஒரு சொட்டு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. அவ்வளவுதான்.

"இதுக்குத் துணியே தேவலை" என்றாள் அக்கா.

கோலெட்டின் முகம் சிவந்துவிட்டது. "பதினோரு வருஷம் இதுலதான் வடிச்சோம். ஒரு நாள் இப்படி நின்னதில்லை."

"இன்னிக்கு நிக்குதே."

"உங்க பாகுல மணல் ஜாஸ்தியா இருக்கும்."

"எங்க பாகைக் குறை சொல்லாதீங்க. ஓட்ட ஒடசலை எங்க தலையில கட்டப் பாக்கறீங்க." அக்கா திரும்பினாள். "வாடி, போலாம். பாத்தாச்சு. நீ சொன்ன சொல்லைக் காப்பாத்து."

வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர். அக்கா கதவை நோக்கி நடந்தாள், முழங்கையால் தள்ளித் திறக்கப் பார்த்தாள். நான் பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றேன். வாயைத் திறந்தால் பொய்க்காரி. திறக்காவிட்டால் நானூற்று இருபது மரமும் மரக்கட்டை.

"அக்கா, நில்லு. பாகு ஆறிப்போச்சு."

அவள் திரும்பவில்லை.

"ரஜாயை உருவி சக்கரத்துக்கு வெச்சுட்டேன். ஆறியிருக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் கொதிக்குதுன்னு சொன்னேன்."

கோலெட் தெர்மாமீட்டரைப் பாகில் விட்டாள். நூற்று முப்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட். நூற்றெண்பதுக்குக் கீழே போனால் பாகு தாளில் இறங்காது என்பது எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இதைக் கழட்டிக் கழுவித் துடைக்கணும். புதுத் தாள் போடணும். பாகைச் சூடு பண்ணணும்" என்றாள். "அரை மணி நேரம் ஆகும். அவரைக் காக்க வைக்கறேன். அரை மணிதான்."

"பண்ணு" என்றாள் அக்கா. கோலெட்டிடம் இல்லை, என்னிடம்.

தட்டுகளை வெந்நீரில் கழுவினேன். சோப்பு போடாமல்தான். போட்டால் வாசனை பாகில் ஏறிவிடும். ஒவ்வொரு தட்டையும் துடைத்தேன். வெளியே நின்றவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாகு அடுப்பில் ஏறியது. நூற்றறுபது. நூற்றெழுபத்தைந்து. நூற்றுத் தொண்ணூற்றைந்தில் இறக்கினோம்.

அடித்தேன். கைப்பிடி இழுத்த இழுப்புக்கு வந்தது. முதலில் கலங்கலாக வந்ததைத் திரும்பத் தொட்டியிலேயே விட்டோம். பிறகு தெளிந்தது. கோலெட் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஜன்னல் பக்கம் நீட்டினாள். பாகு வழியாகவே மாட்டுக் கொட்டகையின் கதவில் எழுதிய எண் தெரிந்தது. அக்கா கிட்டே வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது.

"எது வேணும்?" என்றாள் கோலெட். "முதல்ல வந்தவங்க நீங்க. இதுவா, கரண்ட்டா?"

"கரண்ட்டு" என்றேன் உடனே. வழியெல்லாம் அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன்.

"நம்ம கொட்டகையில கரண்ட் ஏதுடி?" என்றாள் அக்கா.

"ஜெனரேட்டர் வெச்சுக்கலாம். சுவிட்சைப் போட்டா போதும். ஒரு ஆளே பாத்துக்கலாம்."

"ஒரு ஆள்." அக்காவின் குரல் தணிந்தது. அவள் கத்தும்போது எனக்குப் பயமில்லை. தணியும்போதுதான் பயம். "ஆக, நான் இல்லாம ஓட்ட வழி பண்ணிட்ட."

"உன் கைக்காகத்தான் சொன்னேன்."

"இன்னிக்கு இன்னொரு பொய் வேணாம் நோர்மா."

கோலெட் அவசரமாகத் தாள் கட்டை அடுக்கத் தொடங்கினாள். நான் தரையைப் பார்த்தேன். அக்கா சொன்னது நிஜம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே, இவள் போய்விடுவாள், நான் தனியாகச் சமாளிக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு கணக்கையும் போட்டிருந்தேன்.

"நீதானே போதும்னு சொன்ன?" என்றேன். "நீ இல்லாம அந்தக் கொட்டகையில எப்படி நிக்கறதுன்னு எனக்குத் தெரியலை. அதான் தனியா ஓடற மெஷினைப் பாத்தேன். போதுமா?"

அவள் கைப்பம்பு பிரஸ் பக்கம் போய், கட்டுப் போட்ட கையின் முதுகால் கைப்பிடியை லேசாகத் தள்ளிப் பார்த்தாள். அது இறங்கியது.

"இதுக்கு எத்தனை ஆள் வேணும்?" என்று கோலெட்டைக் கேட்டாள்.

"ரெண்டு. ஒருத்தர் அடிக்கணும், ஒருத்தர் குழாயையும் முள்ளையும் பாக்கணும்."

"இதையே வண்டியில ஏத்துங்க."

கரண்ட் பம்பை வெளியே காத்திருந்தவர் எடுத்துக்கொண்டார். கைப்பம்பு பிரஸ்ஸை எங்கள் வண்டியில் ஏற்றிக்கொடுத்ததும் அவர்தான். வரும் வழியில் ரஜாய் அதே சேற்றில் கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள். "அம்மா தெச்சது" என்றாள். நான் இறங்கி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மதிய வெயிலில் பாதை இன்னும் இளகி, பிரஸ்ஸின் கனத்தில் இரண்டு இடத்தில் சிக்கி மீண்டு, வீட்டுக்கு வந்தபோது மணி நாலேகால். கர்டிஸ் தன் வண்டியில் சாய்ந்து, காகிதங்களை அட்டையில் செருகிக்கொண்டு நின்றான். வழி நெடுக அவள் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"பேனா இருக்குக்கா" என்றான் அவன். பிறகு அவள் கைகளைப் பார்த்துவிட்டு, "எப்படிப் போடுவீங்க?" என்றான்.

"அதை வண்டியிலேயே வை கர்டிஸ். எனக்கு உன் ரெண்டு கையும் வேணும்."

விவரம் புரியாமலே அவன் பிரஸ்ஸைத் தூக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோய், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வைத்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மரம்?" என்றான்.

"நீ அடிச்ச பெயிண்ட் எதுல போகும்?"

"எதுலயும் போகாதுக்கா. தானா மங்கணும். நாலஞ்சு வருஷம் ஆகும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நாள் முழுக்க அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நாலஞ்சு வருஷமாம்டி. அது மங்கற வரைக்கும் நீ பம்பை அடி, நான் முள்ளைப் பாக்கறேன்."