வைக்கிங்குக்குப் பொன்னாடை

ஆண்டு விழா நாடகத்தின் கடைசிக் காட்சியைத் தாளாளர் அரங்கசாமி ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிவிட்டார் என்பது, அதை எழுதிய வரலாற்று ஆசிரியை ஃபெமினாவுக்கு மேடையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவள் எழுதியது பழைய இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவின் கதை. கோடரிகளோடு கப்பலில் வந்திறங்கிய வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர்கள் ஆங்கிலோ-சாக்சன் துறவிகளின் மடத்தைச் சூறையாடி, கையில் ஆயுதமே இல்லாதவர்களை வெட்டிச் சாய்த்த கதை. இங்கே என்னடாவென்றால், துறவிகள் வரிசையாக நின்று கோடரிக்காரர்களுக்குப் பன்னீர் தெளித்தார்கள். வைக்கிங் தலைவனாக வந்த தாளாளரின் பேரன் யஷ்வந்துக்கு, மடத்தலைவராக நடித்த சைத்ரா பொன்னாடை போர்த்தினாள். கைதட்டல் காதைப் பிளந்தது.

ஃபெமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேடையேறினாள்.

“ஏனுங்க சார், கொல்ல வந்தவனுக்குப் பொன்னாடைங்களா?”

“நல்ல நாளும் அதுவுமா மேடையில சாவு எதுக்குங்க அம்மணி? ஊட்டுக்கு வந்தவங்களை நாம இப்படித்தானுங்களே வரவேற்போம்” என்று சிரித்தார் தாளாளர். சிரித்தபடியே அவள் தோளிலும் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்.

“அவங்க ஊட்டுக்கு வரலீங்க. ஊட்டை எரிக்க வந்தாங்க” என்றவள், மைக்கை வாங்கினாள். “நாடகம் இன்னும் முடியலீங்க. எல்லாரும் உக்காருங்க.”

பிறகு சைத்ராவைப் பார்த்தாள். “நாம ஒத்திகை பாத்த மாதிரியே செய் கண்ணு.”

சைத்ரா பழகியபடியே சாய்ந்து விழுந்தாள். ஃபெமினா தன் பொன்னாடையை எடுத்து உதறி, அவளைத் தலைமுதல் கால்வரை மூடினாள்.

அரங்கத்தில் ஒரு கையும் தட்டவில்லை.