கேட்டைத் தாண்டினால் போன் கிடையாது

விருதுநகர் அலுவலகத் திரையில் நாரணாபுரம் கிடங்கு பச்சையாகத்தான் இருந்தது. இருப்பு 1,840 கிலோ. அனுமதி மூவாயிரம். முனியராஜ் லாரியில் கொண்டுபோகும் தொள்ளாயிரம் கிலோ பட்டாசைத் தாராளமாக இறக்கலாம்.

அலுவலகக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் இசைவாணிக்கு மட்டும் உறுத்தியது. நேற்று சாயங்காலமும் இதே 1,840தான். சீசன் நேரத்தில் ஒரு கிலோகூடவா ஏறி இறங்காது?

கிடங்கில் அலுவலகச் சீட்டைப் பார்த்துத்தான் லோடு இறக்குவார்கள். பக்கத்துப் பேக்கிங் ஷெட்டில் அவள் மாமியார் மாரித்தாய் இருந்தாள். கேட்டிலேயே எல்லோர் போனையும் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். உள்ளே போனபிறகு யாரையும் பிடிக்க முடியாது.

கணவனை அழைத்தாள்.

"என்ன, காலையில போட்ட சண்டையில மிச்சம் இருக்கா?" என்றான் முனியராஜ். 'அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு' என்று சொல்லிவிட்டுப் போனவன்.

"எங்கன இருக்கீக?"

"கேட்டுக்கு எதுத்த டீக்கடையில."

"நான் சொல்ற வரைக்கும் உள்ள போகாதீக."

"சின்ன முதலாளி ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாக."

"நான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுங்க."

சின்ன முதலாளி சபரிநாதன் அவள் பின்னால்தான் நின்றிருந்தான். "பச்சையாத்தான இருக்கு. எதுக்கு வண்டிய நிறுத்துனீக?"

"அஞ்சு நிமிஷம் சார்."

அலுவலக சர்வர் தன்னில் நடப்பதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்கும் லாக்கைத் திறந்தாள். நாற்பதாயிரம் வரி. பிழைகளை மட்டும் வடிகட்டினாள். ஒன்றுமே இல்லை. சபரிநாதன் கடிகாரத்தைப் பார்த்தான்.

எச்சரிக்கைகளை வடிகட்டினாள். நேற்று 3.12 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வரி: நாரணாபுரத்துடன் இணைய முடியவில்லை, பழைய தகவல் காட்டப்படுகிறது.

3.12. நேற்று இடி இடித்த நேரம். இடி கேட்டால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஆட்களை வெளியே அனுப்புவது அங்கே வழக்கம். தேடிப் பார்த்தாள்: மறுபடி மின்சாரம் வந்தபோது கிடங்கின் சர்வருக்கு வேறு முகவரி எண் விழுந்திருந்தது. ரிப்போர்ட் மென்பொருளோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருந்தது. எண் மாறாதபடி அமைத்து வைப்பது இசைவாணியின் வேலை. விட்டுப்போயிருந்தது.

புது எண்ணைக் கொடுத்தாள். திரை சிவந்தது. 2,960.

சபரிநாதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"தப்பு என்னோடதுதான் சார்," என்றவள் மறுபடி கணவனை அழைத்தாள். "கிடங்கு நெறஞ்சு கெடக்கு. வண்டியத் திருப்புங்க."

"அம்மா அங்கனதான இருக்கு," என்றான் முனியராஜ்.

"அதான் கூப்பிட்டேன்."

"உன் கம்ப்யூட்டர நான் திட்டினத வாபஸ் வாங்கிட்டேன்னு அதுகிட்ட சொல்லிரு."

"அது மேல தப்பில்ல. நான்தான் மறந்திருந்தேன்."

"சரி. மூணு டீ குடிச்சாச்சு, கிளம்புறேன்," என்றான். லாரி உறுமித் திரும்பும் சத்தம் கேட்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.