பெரட்டுக்கு முன் ஒரு பூ

பஞ்சாலை தன் வீட்டுக் கொல்லையில் வளர்த்த பரங்கிக் கொடியில் பிஞ்சே வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. கோலிக்குண்டு அளவில், பச்சையாக, பளபளவென்று பூவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் மஞ்சளாகி, ஐந்தாம் நாள் உதிர்ந்தது. இப்படியே பதினொரு பிஞ்சு போய்விட்டது.

சாம்பல் தூவினாள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் கூடிவிட்டதோ என்று குறைத்தாள், குறைந்துவிட்டதோ என்று கூட்டினாள். பக்கத்துப் பாத்தியில், அதே மண்ணில், வெண்டையும் கத்தரியும் காய்த்துத் தள்ளின. இந்தக் கொடிக்கு மட்டும் என்ன கேடு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் பகா டவுனிலிருந்து காய்கறி வேன் ஓட்டி வரும் சத்தியசீலனிடம் அவள் வாயை விட்டிருந்தாள். ஆடி மாதம் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் வேனைச் சுற்றி நிற்க, அவள் ஒரு தக்காளியை அழுத்திப் பார்த்தாள்.

"அமுக்காதீங்கக்கா, வாங்குறவங்களுக்குத்தான் காய். உங்களுக்குத்தான் கொல்லை இருக்கே, பறிச்சுத் தின்னுங்க லா!" என்றான்.

"தின்னுறேன்டா. தீபாவளி வரைக்கும் உன் வேன்லேருந்து ஒரு கொத்து கருவேப்பிலைகூட என் வீட்டுக்குள்ள வராது."

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. முருங்கைக்கீரைப் பொரியல், வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, அவித்த மரவள்ளி, சிலி பாடி மிளகாய் இடித்துப் போட்டுத் தேங்காய்ப்பாலில் கொதித்த பரங்கிக் கொழுந்து என்று மாற்றி மாற்றிச் சமைத்துப் பார்த்தாள். தோட்டத்தில் செம்பனைப் பழக்குலை லாரி ஓட்டும் அவள் கணவன் திருநாவுக்கரசு தட்டை நகர்த்தி வைத்தான்.

"வெண்டை, கத்தரி, கீரை. மறுபடி கீரை. நான் என்ன ஆடா? இன்னும் பதினஞ்சு நாள் பார்ப்பேன். அப்புறம் நானே வேன்ல போய் ஒரு பரங்கிக்காயத் தூக்கிட்டு வருவேன்."

"தூக்கிட்டு வந்தா நீங்களே ஆக்கிச் சாப்பிடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவன் அந்த வேன் வாசலில் நிற்பதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் விடியலில் கொட்டிய மழையில், ஆட்களை மேய்க்கும் மண்டோர் பெரட்டும் இல்லை, வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டார். மற்ற நாட்களில் ஆறரை மணிக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புவாள். அப்போது பரங்கிப் பூக்கள் மடக்கிய ஈரக்குடை போலச் சுருங்கிக் கிடக்கும். ஞாயிறு காலை கோயில் கூட்டப் போய்விடுவாள். அன்றுதான், மழை விட்ட எட்டு மணிக்கு, தட்டு அகலத்துக்கு விரிந்து நின்ற பூக்களைப் பார்த்தாள். ஒன்றில்கூட ஈ, தேனீ இல்லை. மறுநடவுக்காக அடுத்த பிளாக்கில் மரங்களைச் சாய்த்திருந்தார்கள். அங்கே கூடு கட்டியிருந்த தேனீக்களும் போய்விட்டன.

வேன் ஹாரன் கேட்டது. சத்தியசீலன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"பூ ஜோரா இருக்கே அக்கா! எல்லாம் ஆம்பளைப் பூவா? சம்பந்தம் பேசப் பொண்ணு கிடைக்கலியா?"

"உனக்கே இன்னும் கிடைக்கல. என் கொடிக்குப் பார்க்க வந்துட்டான்!"

வேனைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். பஞ்சாலை மட்டும் கொடியின் பக்கம் குனிந்தாள். சில பூக்கள் நீளக் காம்பில் வெறுமனே நின்றன. நடுவில் மகரந்தம் அப்பிய ஒரு தண்டு. மற்றப் பூக்களுக்கு அடியில் பிஞ்சு. நடுவில் பிசுபிசுப்பான மேடு, அதில் ஒரு துளி மகரந்தம்கூட இல்லை.

அவளுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. இரண்டு வருடமாக அவள் தோட்டத்தில் செய்யும் வேலையே இதுதான். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை, இளசாக இருக்கும்போது பெண்குலையை நிறையத் தள்ளும், ஆண்குலை அபூர்வம். மகரந்தம் சுமக்கும் வண்டும் குறைவு. அதனால் சோம்பு வாசம் அடிக்கும் பெண்குலையாகத் தேடி, டால்கம் பவுடரில் கலந்த மகரந்தத்தை மரம் மரமாக ஊதிவிட்டு வருவாள். வெண்டைக்கும் கத்தரிக்கும் ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கின்றன. காற்றில் ஆடினாலே போதும். பரங்கியோ செம்பனை மாதிரி, இரண்டும் தனித்தனி. கம்பெனி மரத்துக்கு ஊதிய கை, சொந்தக் கொடியை மறந்துபோனது.

ஓர் ஆண்பூவைக் கிள்ளினாள். இதழ்களை உரித்தாள். சத்தியசீலன் பார்க்கப் பார்க்க நான்கு பெண்பூக்களில் தடவினாள்.

"இந்தா, சம்பந்தம் முடிஞ்சுது. மொய் வைக்காம போகாத."

ஐந்தாம் நாள் அந்த நான்கும் நின்றன. அவள் வேலைக்குப் போன நாட்களில் பூத்தவை மட்டும் உதிர்ந்தன. பன்னிரண்டாம் நாள் ஒரு பிஞ்சைப் பறித்துக் கூட்டு வைத்தாள். திருநாவுக்கரசு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, தான் முன்பு ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டியபோது மாட்டிய தலைவிளக்கைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தான்.

அடுத்த வாரம் சத்தியசீலன் வேலிக்கு வெளியே நின்று, பருத்துவிட்ட மூன்று காய்களையும் புதிதாக நின்ற பிஞ்சுகளையும் எண்ணினான்.

"அன்னிக்கு நாலுலதானே தடவினீங்க? மிச்சத்துக்கு என்ன மருந்து அடிச்சீங்கக்கா?"

"மருந்தாவது ஒண்ணாவது. உன் வேனு காலியா வந்தாலும் என் அடுப்பு எரியும், போ!"

தினமும் அவள் செய்தது இவ்வளவுதான்: காலை ஆறு மணி இருட்டில், பெரட்டுக்குக் கிளம்பும் முன், தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, விரியத் தொடங்கிய ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, அன்று விரியும் ஒவ்வொரு பெண்பூவின் நடுவிலும் மூன்று முறை தடவினாள்.